வெயில் காயும் சுறா: எல்லாக் கடலிலும் ஒரே இனமா?

தரங்கைவாசி | வெள்ளி, காலை 6:50

எங்கள் தெரு வாசகசாலையின் பின்சுவரில் பெரிய மீன்களைப் பற்றி ஒரு பலகை எழுதுகிறோம். ஓவியம் முடிந்துவிட்டது, வாசகம் எழுதும் பொறுப்பு என் தலையில். திமிங்கலச் சுறாவுக்கு முதலிடம், அதில் தகராறு இல்லை. இரண்டாவதாக வரும் ‘பாஸ்கிங் ஷார்க்’ விஷயத்தில்தான் மூன்று நாளாக முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதல் சிக்கல் பெயர். ‘வெயில் காயும் சுறா’ என்று சுண்ணக்கட்டியால் எழுதிப் பார்த்தேன். அந்த வழியாகப் போன பையன் ஒருவன், “தாத்தா, அது குளித்துவிட்டு வந்ததா?” என்று கேட்டான். அழித்துவிட்டேன்.

அடுத்தது பேரன் காட்டிய காணொளி. ‘நாகப்பட்டினம் கரையில் ஒதுங்கிய பாஸ்கிங் சுறா’ என்று அதற்குத் தலைப்பு. மணலில் கிடந்த மீனின் முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி. எனக்கு அது வேறு மீனாகத் தெரிகிறது.

கடைசியாக, என்னைத் தூங்கவிடாத கேள்வி. பழைய குறிப்பு ஒன்று இந்தச் சுறாவில் நான்கு சிற்றினங்கள் உண்டு என்கிறது. புதியவை எல்லாம் ஒன்றே ஒன்று என்கின்றன. 62 மீன்களின் மரபணுவைப் பார்த்து, எந்தக் கடலில் எடுத்தாலும் வேறுபாடு மிகக் குறைவு என்று 2006இல் எழுதியிருக்கிறார்களாம். உலகக் கடல் முழுமைக்கும் 62 மீனா? காலை ஏலத்தில் பத்து நிமிடம் நின்றால் நான் அதைவிட அதிகம் பார்த்துவிடுவேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெயின்டர் திங்கட்கிழமை வருகிறார்.

அக்கரைப்பேட்டையான் | வெள்ளி, காலை 7:35

ஐயா, அந்தக் காணொளி எனக்கும் வந்தது. அது அம்மணி உளுவை. நீங்கள் திமிங்கலச் சுறா என்று எழுதுகிறீர்களே, அதேதான். புள்ளி இருந்தாலே முடிந்தது, வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

ஒருமுறை எங்கள் வலையில் ஒன்று விழுந்திருக்கிறது. விடிவதற்கு முன் வலை வாங்கும்போது கனத்தது. பாறையில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து, ஓட்டுநரை எஞ்சினைக் குறைக்கச் சொன்னோம். விளக்கைக் கீழே அடித்தால், கறுத்த தண்ணீருக்குள்ளிருந்து கோலம் மேலே ஏறி வருகிறது. வாசலில் புள்ளி வைத்து இழுக்காமல் விட்ட கோலம் மாதிரி, வரிசை வரிசையாக. அப்புறம்தான் அதன் அடியில் ஒரு முதுகு இருக்கிறது என்று தெரிந்தது. கையை வைத்தேன். தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் வழுவழுப்பு. திருப்பித் தடவினால் உப்புத்தாள். அரை மணி நேரம் எதிர்த்து ஆடாமல் கிடந்தது. வலையை அறுத்து விட்டோம். வலை போனது போனதுதான். வீட்டில் கிடைத்த பாட்டு தனிக்கதை.

இரண்டுமே வாயைத் திறந்துகொண்டு மிதக்கிற, கடிக்காத பெரிய மீன்கள்தானே? ஒரே குடும்பம் என்று எழுதிவிட்டுப் போங்களேன்.

செவுள் | வெள்ளி, காலை 9:10

அண்ணே, புள்ளி விஷயத்தில் நீங்கள் சொன்னதே சரி. குடும்ப விஷயத்தில்தான் வழுக்கிவிட்டீர்கள். (நான் கும்பகோணத்துக்காரன். மீன் மரபணு ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை, எனவே கொஞ்சம் நீளமாக எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

உங்கள் மடிவலையில் சில நாள் ஒரு முழம் நீளத்தில் வரி வரியான சின்னச் சுறா ஒன்று ஏறும். தரையோடு கிடக்கும், மூக்கருகில் மீசை போல் இரண்டு தொங்கும், ஏலத்தில் யாரும் சீந்த மாட்டார்கள். அதுதான் அம்மணி உளுவையின் ஒன்றுவிட்ட தம்பி. இரண்டும் ‘கம்பளச் சுறா’ வரிசையைச் சேர்ந்தவை. வெயில் காயும் சுறா இருப்பது ‘லாம்னிஃபார்மிஸ்’ வரிசையில். வெள்ளைச் சுறாவும் மேக்கோ சுறாவும் அங்கேதான் இருக்கின்றன. திரைப்படங்களில் மனிதனைத் தின்ன வருகிற அதே வெள்ளைச் சுறாவின் நெருங்கிய பங்காளி, மிகச் சிறிய மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்று காலம் தள்ளுகிறது.

உருவத்திலும் இந்த உறவு தெரியும். அம்மணி உளுவையின் வாய் முகத்தின் நுனியில், பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கும். இதற்கு மூக்கு கூம்பாக முன்னே நீண்டு, வாய் அடியில் இருக்கும். வால் பிறை வடிவம். வாலுக்குச் சற்று முன்னே இரு பக்கமும் வெள்ளைச் சுறாவுக்கு இருப்பது போன்ற வரம்பு. பலகையில் எழுத வேண்டிய அடையாளம் ஒன்றே ஒன்று என்றால் செவுள் பிளவுகளைச் சொல்வேன். முதுகில் தொடங்கித் தொண்டை வரை, தலையையே அறுத்து எடுக்கப் போவது போலச் சுற்றி வரும்.

தின்கிற முறையும் வேறு. அம்மணி உளுவையால் நின்ற இடத்திலேயே வாயால் உறிஞ்ச முடியும். மற்றதற்கு உறிஞ்சத் தெரியாது. வாயைத் திறந்தபடி நீந்த வேண்டும், தண்ணீர் தானாகச் செவுள் வழியே வெளியேற வேண்டும். மேற்பரப்பில் அப்படி மெதுவாகப் போவதைப் பார்த்துத்தான் வெயில் காய்கிறது என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது காய்வது அல்ல, மேய்ச்சல்.

வடிகட்டித் தின்னும் சுறா இன்னொன்றும் உண்டு: பெருவாய்ச் சுறா. 1976இல் ஹவாய் அருகே அமெரிக்கக் கடற்படைக் கப்பலின் மிதவை நங்கூரத்தில் சிக்கிய பிறகுதான் அப்படி ஒரு மீன் இருப்பதே விஞ்ஞானத்துக்குத் தெரியும். 1983இல்தான் பெயர் வைத்தார்கள். அதுவும் லாம்னிஃபார்மிஸ் வரிசைதான் என்பதால், இதுவும் வெயில் காயும் சுறாவும் உடன்பிறப்புகள் என்று சிலர் வாதிட்டார்கள். மரபணுவைப் பார்த்தபோது அது நிற்கவில்லை. வடிகட்டும் பழக்கம் சுறாக்களுக்குள் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. வௌவாலும் காக்கையும் பறப்பதால் சம்பந்தி ஆகிவிடுமா?

புகார்க்கிழவன் | வெள்ளி, பகல் 11:20

வகைப்பாடு என்று வந்ததால் ஒரு இடைச்செருகல். சங்ககாலத்தில் எங்கள் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறவின் கொம்பை மணலில் நட்டு, அதில் தெய்வம் உறைவதாக வணங்கினார்கள். சுறாவுக்கு ஏது கொம்பு? அது வேளா மீனின் ரம்பம் போன்ற மூக்காகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அப்படியானால் சுறாவைக் கும்பிட்டார்களா, திருக்கையைக் கும்பிட்டார்களா?

செவுள் | வெள்ளி, பகல் 11:45

வேளா என்றால் திருக்கைக் கூட்டம்தான் ஐயா. உடம்பு சுறா மாதிரி நீண்டிருந்தாலும் செவுள் பிளவுகள் வயிற்றுப் பக்கம் இருக்கின்றன. பக்கவாட்டில் இருந்தால் சுறா, அடியில் இருந்தால் திருக்கை. தெய்வம் கோபித்துக்கொள்ளாது என்று நம்புகிறேன்.

தரங்கைவாசி | வெள்ளி, மாலை 4:05

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தேடியதில் எனக்கே ஒரு புதையல் கிடைத்தது. வெயில் காயும் சுறாவுக்கு அறிவியல் முறைப்படி முதலில் பெயர் வைத்தவர் குன்னெருஸ். நார்வேயின் டிரோன்ஹெய்ம் நகரப் பேராயர். ஆண்டு 1765. அவர் வைத்த பெயர் ‘ஸ்குவாலஸ் மேக்சிமஸ்’. பேரினம் பின்னால் ‘செட்டோரைனஸ்’ என்று மாறியது.

அப்போது டென்மார்க்குக்கும் நார்வேக்கும் ஒரே முடி. எங்கள் தரங்கம்பாடிக் கோட்டையில் பறந்ததும் அதே அரசனின் கொடி. 1620 முதல் 1845 வரை இது டேனிஷ்காரர்களின் ஊர். ஆக, அந்தப் பேராயரும் எங்கள் ஊர் மரைக்காயர்களும் பட்டினவர்களும் ஒரே ராஜாவின் குடிகள்! பலகையில் இதை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மீன்களுக்குப் பெயர் வைத்த கதையில் தரங்கம்பாடிக்கு நேரடிப் பங்கும் உண்டு. இங்கே இருந்த ஜான் என்ற பாதிரியார் மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்புவார். நன்றிக்கடனாக பிளாக் ஒரு பேரினத்துக்கு ‘ஜானியஸ்’ என்று பெயர் வைத்தார். எது தெரியுமா? நம் கத்தாளை மீன். அதில் ஒரு சிற்றினத்தின் பெயர் ‘கருட்டா’. கருத்த கத்தாளை என்று நம் ஆள் யாரோ சொன்னது அப்படியே லத்தீனில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

சரி, நான்கு இனம் ஒன்றானது எப்படி?

செவுள் | வெள்ளி, மாலை 6:30

நான்கு ஆனதற்கே முதலில் காரணம் கேட்க வேண்டும். இந்த மீனின் குட்டிக்கு மூக்கு நீண்டு, நுனியில் கொக்கி போல வளைந்திருக்கும். வளர வளர அந்த வளைவு போய்விடும். அந்தக் காலத்தில் ஒரு ஊரில் குட்டி கிடைக்கும், இன்னொரு ஊரில் அழுகிய பெரிய மீன் ஒதுங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் வாய்க்கவில்லை. 1819இல் மத்தியதரைக் கடலிலிருந்து ‘ரோஸ்ட்ராட்டஸ்’, அதாவது மூக்கன் என்று ஒரு பெயர் வந்தது. 1960 வாக்கில் வட அட்லாண்டிக், தென் அட்லாண்டிக், மத்தியதரைக் கடல், ஆஸ்திரேலியா என்று நான்காகப் பிரித்தார் ஒருவர். 1976இல் ஸ்பிரிங்கர், கில்பர்ட் என்ற இருவர், பிரித்துக் காட்டிய அடையாளங்கள் எல்லாம் வயதாலும் மீனுக்கு மீனும் மாறுபவை, ஒரே இனம்தான் என்று முடித்தார்கள். அப்போது மரபணு கையில் இல்லை. அது வந்து தலையாட்டியது 2006இல்.

குறுவைக்காரர் | வெள்ளி, இரவு 8:15

நான் மன்னார்குடிப் பக்கத்து விவசாயி. கடலை வேளாங்கண்ணிக்குப் போனால் பார்ப்பவன். ஆனாலும் 62 என்ற கேள்விக்கு வாய் வைக்காமல் இருக்க முடியவில்லை.

கொள்முதல் நிலையத்தில் மூட்டையில் குத்தூசி போட்டு ஒரு பிடி நெல் எடுத்துப் பார்ப்பார்கள். அதை வைத்து ஈரம், பதர், கலவன் எல்லாம் சொல்லிவிடுவார்கள். ஒரு முறை மூட்டைக்கு மேலே நல்ல நெல்லும் நடுவில் ஈர நெல்லுமாக ஒருவர் கொண்டுவந்து மாட்டிக்கொண்டார். எந்த இடத்தில் குத்துகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த 62ம் ஒரே மூட்டையின் வாயில் எடுத்ததா, எல்லா மூட்டையிலும் குத்திப் பார்த்ததா?

இன்னொன்று. பல்லுயிர் குறைந்தால் ஆபத்து என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஊர் முழுக்க ஒரே ரகம் நட்ட வருடம் புகையான் வந்து, விடிந்து பார்த்தால் வயல் வட்டம் வட்டமாகக் கருகிக் கிடந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் 170க்கு மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டுக் கொடுத்தது ஏன்? அந்தச் சுறாவும் ஒற்றை ரகம் நட்ட வயல்தானே?

செவுள் | வெள்ளி, இரவு 10:40

குத்தூசி. இத்தனை வருடம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இந்தச் சொல் எனக்குத் தோன்றவே இல்லை.

பல மூட்டைகளில்தான் குத்தினார்கள். அட்லாண்டிக்கின் இரு கரைகள், பசிபிக், நியூசிலாந்துப் பக்கம் என்று வெவ்வேறு கடல் மீன்கள் அந்த 62இல் அடக்கம். பார்த்தது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் ஒரு துண்டு. அது தாயிடமிருந்து மட்டும் வருவது, ஆகவே கிடைப்பது தாய்வழிக் கணக்கு. 62 மீனில் அந்தத் துண்டு மொத்தம் 6 வகையாகத்தான் தேறியது.

62 போதுமா என்பதற்குக் கணக்காகவே பதில் சொல்கிறேன். நூற்றில் 5 மீனிடம் ஒரு வகை இருக்கிறது என்று வையுங்கள். 62 மீன் எடுத்தும் அது ஒரு முறைகூடக் கண்ணில் படாமல் போக வாய்ப்பு நூற்றுக்கு 4தான். நூற்றில் ஒரு மீனிடம் மட்டும் இருக்கும் அரிய வகையோ, பாதிக்கு மேல் தப்பிவிடும். ஆகவே அந்த 6ஐ முழுப் பட்டியல் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பரவலான வகைகள் பெரும்பாலும் அதற்குள் வந்துவிட்டன என்று சொல்லலாம்.

அதைவிட முக்கியமானது, அந்த வகைகளுக்குள் எத்தனை தூரம் என்பது. இரண்டு மீன்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் அவை வேறு வேறு வகையாக இருக்க நூற்றுக்கு 72 வாய்ப்பு. கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. டி.என்.ஏ.வை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால் ஆயிரம் எழுத்துக்குச் சராசரியாக ஒன்றேகால் எழுத்துதான் மாறுகிறது. ஒரே கல்யாணப் பத்திரிகையை ஆறு அச்சகத்தில் அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்துப் பிழை விழுந்த மாதிரி. அம்மணி உளுவையில் இதே பகுதியை 2007இல் பார்த்தார்கள். 70 மீனில் 44 வகை. ஆயிரம் எழுத்துக்குச் சராசரியாக 11 எழுத்து வித்தியாசம்.

எந்தக் கடலின் மீன் எது என்று பிரித்துச் சொல்லவும் முடியவில்லை. அட்லாண்டிக் வகை, பசிபிக் வகை என்று தனித்தனியாக விழவில்லை.

நெல் உவமையில் மட்டும் சிறு திருத்தம். நெல் தன்னைத்தானே சூல்கொள்ளும் பயிர். ஒரு ரகத்துக்குள் எல்லாச் செடியும் ஏறத்தாழ ஒன்றே. பல்வகைமை ரகங்களுக்கு இடையில்தான் இருக்கிறது. சுறாவில் ஒவ்வொரு குட்டிக்கும் தாய் வேறு, தந்தை வேறு. ஆகவே அது ஒற்றை ரக வயல் அல்ல. உங்கள் ஊர் மாட்டு மந்தையைச் சொன்னால் பொருந்தும்.

குறுவைக்காரர் | சனி, காலை 5:30

மாடா? அதையும் சொல்கிறேன். உம்பளச்சேரி மாடு ஊருக்கு ஊர் நின்ற காலத்தில், மந்தைக்கு நாலு பொலிகாளை இருந்தால் அதிகம். கன்று எல்லாம் அந்த நாலின் சாடைதான். மூன்றாவது தலைமுறையில் எந்தக் கன்று எந்தக் காளைக்குப் பிறந்தது என்பதை நெற்றிச் சுட்டியை வைத்தே அப்பா சொல்லுவார்.

செவுள் | சனி, காலை 8:00

அதையே கணக்காகப் போட்டுப் பாருங்கள். பசு 996, பொலிகாளை 4, மொத்தம் ஆயிரம் தலை. நாலு, பெருக்கல் பசு எண்ணிக்கை, பெருக்கல் காளை எண்ணிக்கை, வகுத்தல் மொத்தம். விடை 16. கண்ணுக்கு ஆயிரம் மாடு. மரபுக் கணக்குக்கு 16 மாடு. இதைத்தான் எங்கள் துறையில் ‘செயலுறு தொகை’ என்கிறோம். வெயில் காயும் சுறாவுக்கு 2006இல் உலகம் முழுமைக்கும் தோராயமாக வந்த விடை 8,200. கடலில் 8,200 மீன்தான் இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. ஐயா, பலகையில் அந்த எண்ணை மட்டும் எழுதிவிடாதீர்கள், படிப்பவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

அலையாத்தி | சனி, காலை 9:25

முத்துப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன், கல்லூரி மூன்றாம் ஆண்டு விலங்கியல். செவுள் அண்ணா, இரண்டு இடத்தில் எனக்கு உதைக்கிறது.

சுறாக்களின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பாலூட்டிகளைவிட ஏழெட்டு மடங்கு மெதுவாக மாறுகிறது என்று 1992லேயே காட்டியிருக்கிறார்கள். மெதுவாக மாறினால் வித்தியாசம் குறைவாகத்தானே இருக்கும்? அதை ஏன் வறுமை என்கிறீர்கள்?

இன்னொன்று, எல்லோரும் ஈரல் எண்ணெய்க்காக வேட்டையாடியதால்தான் பல்வகைமை போயிற்று என்று எழுதுகிறார்கள். அது சரியா?

செவுள் | சனி, பகல் 12:50

முதல் கேள்விக்கு அம்மணி உளுவையே சாட்சி, தங்கையே. அதுவும் சுறா, அதற்கும் அதே மந்தமான கடிகாரம். இருந்தும் ஏறத்தாழ எட்டு மடங்கு வித்தியாசம். எனவே எல்லாப் பழியையும் கடிகாரத்தின் மேல் போட முடியாது. ஆனால் மனிதரோடும் திமிங்கலத்தோடும் ஒப்பிட்டு ‘ஐயோ பரிதாபம்’ என்று எழுதுபவர்களுக்கு உங்கள் கேள்வி நல்ல கடிவாளம்.

இரண்டாவதில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். வேட்டை நடந்தது உண்மை. இந்த மீனின் எடையில் கால் பங்கு வரை ஈரல். அயர்லாந்தில் அகில் என்ற தீவில் மட்டும் 1947 முதல் 1975 வரை 12,000க்கும் மேல் பிடித்தார்கள். நார்வேக்காரர்கள் அதையும் மிஞ்சினார்கள். ஆனால் இந்த மீன் குட்டி போடும் வேகத்துக்கு, இருநூறு வருடம் என்பது சில தலைமுறைகள்தான். தாய்வழிக் கணக்கில் அவ்வளவு சீக்கிரம் இப்படி ஒரு தடம் விழாது. ஆய்வாளர்கள் சுட்டியது கடந்த பத்தாயிரம் ஆண்டுக் காலத்துக்குள் நேர்ந்த ஒரு பெரும் சரிவை. ஈட்டி வருவதற்கு முன்பே அந்த மீன் ஒருமுறை குறுகிய கழுத்து வழியாக நுழைந்து வந்திருக்கிறது. அதற்கு மேல்தான் நம் ஈட்டி.

வேட்டையாடியவர்கள் நல்லவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கருவுற்ற தாய் என்று விவரமாகப் பதிவானது 1936இல் நார்வேயில் பிடிபட்டதுதான், ஆறு குட்டி. அம்மணி உளுவை 1995இல் தைவானில் ஒன்று பிடிபட்டபோது வயிற்றில் 300 கரு. ஆறு எங்கே, முந்நூறு எங்கே.

ஆழ்கடல்ரகசியம் | சனி, பகல் 1:15

1977இல் ஜப்பானியக் கப்பலின் வலையில் டைனோசர் காலத்து நீள்கழுத்து உயிரி சிக்கியதை விஞ்ஞானிகள் மூடி மறைத்தார்கள். அதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

அலையாத்தி | சனி, பகல் 1:40

பேசாமல் என்ன, இந்த இழையே அதைப் பற்றியதுதான். ‘சூயோ மாரு’ கப்பல், நியூசிலாந்து அருகே. துடுப்பிலிருந்து எடுத்த நாரைச் சோதித்தபோது வெயில் காயும் சுறாவோடு ஒத்துப்போனது. இந்த மீன் அழுகும்போது முதலில் தாடையும் செவுள் வளையங்களும் கழன்று விழும். மிச்சம் நிற்பது சின்ன மண்டை ஓடு, நீண்ட முதுகெலும்பு. பார்ப்பவருக்குக் கழுத்து. 1808இல் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்சே தீவில் ஒதுங்கியதும் இதே கதைதான். அப்போது கடல் பாம்பு என்று நினைத்து லத்தீனில் தனிப் பேரினப் பெயரே வைத்துவிட்டார்கள்!

நெறியாளர் | சனி, பகல் 2:00

மூடி மறைத்தல் பற்றித் தனி இழை திறந்துகொள்ளலாம். இங்கே சுறா மட்டும்.

அக்கரைப்பேட்டையான் | சனி, மாலை 5:20

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே வருகிறேன். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லாக் கடலிலும் ஒரே கூட்டம் என்றால், ஒரு இடத்தில் குறைந்தாலும் இன்னொரு இடத்திலிருந்து வந்து நிரப்பிவிடும் அல்லவா? அப்புறம் எதற்கு இங்கே தொடாதே, அங்கே தொடாதே என்று சட்டம்? 2001இல் அம்மணி உளுவையைப் புலிக்குச் சமமாக வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்துவிட்டார்கள். சரி, நான் அதைக் கொல்லப் போவதில்லை. ஆனால் அறுத்த வலைக்குக் கணக்கு யார் தருவது?

செவுள் | சனி, இரவு 9:30

அண்ணே, இந்த இழையிலேயே கனமான கேள்வி இதுதான்.

கனடாவின் பசிபிக் கரையில் 1950களில் உங்களைப் போன்ற சால்மன் வலைக்காரர்கள் இதே புகார் சொன்னார்கள், இந்தச் சுறா வலையைக் கிழிக்கிறது என்று. அரசாங்கம் ரோந்துப் படகின் முகப்பில் கூர்மையான பெரிய கத்தியைப் பொருத்தி, மேற்பரப்பில் மேயும் சுறாக்களின் மேல் ஏற்றியது. பத்துப் பதினைந்து வருடத்தில் சில நூறு மீன்கள் அப்படிப் போயின. பிறகு நிறுத்தினார்கள். நிறுத்தி அரை நூற்றாண்டு ஆகியும் அந்தக் கரையில் முன்போல் கூட்டம் இல்லை. எப்போதாவது ஒன்று தென்படுகிறது.

மரபணுக் கணக்கில் ஒரே கூட்டம் என்று காட்ட, தலைமுறைக்கு ஒரு சில மீன்கள் கடல் தாண்டிக் கலந்தால் போதும். அவை தாண்டுவதும் உண்மை. மேன் தீவு அருகே குறியிட்ட ஒரு மீன் 9,500 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி நியூஃபவுண்ட்லாந்து பக்கம் போனது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் குறியிட்ட சில, வெப்பக் கடலுக்குக் கீழே குளிர்ந்த ஆழத்தில் மாதக்கணக்கில் இருந்து பிரேசில் வரை போனதை 2009இல் எழுதினார்கள். ஆனால் வெறுமையான ஒரு கரையை நிரப்ப ஒன்றிரண்டு விருந்தாளி போதாது. அங்கேயே தங்கி, ஆண்டுதோறும் திரும்பி வருகிற குடும்பம் வேண்டும். மரபணு ஒன்று என்பதற்காக உங்கள் ஊர்ப் பங்கை இன்னொரு ஊர் வந்து நிரப்பாது.

வலை நட்டத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அறுத்துவிட்டவனுக்கு வலைக்காசு கொடுக்காமல் பாதுகாப்புப் பேசுவது சுலபம் என்பது மட்டும் என் கருத்து.

அலையாத்தி | ஞாயிறு, காலை 7:10

குடும்பம் என்று அண்ணா சொன்னது உவமை இல்லை, நிஜமாகவே. அம்மணி உளுவையை அடையாளம் காண அதன் புள்ளிகளையே நட்சத்திர வரைபடம் போல ஒப்பிடுகிறார்கள்; விண்மீன்களுக்காக எழுதிய கணக்கு முறையை மாற்றி 2005இல் அதற்குப் பயன்படுத்தினார்கள். புள்ளியே இல்லாத மீனை என்ன செய்வது? படகிலிருந்து நீளக் கழியின் நுனியில் சொரசொரப்பான துணியைக் கட்டி, நீந்தும் சுறாவின் முதுகில் ஒரு தேய்ப்பு. துணியில் ஒட்டும் வழுவழுப்பிலேயே டி.என்.ஏ. இருக்கிறது. மீனுக்குக் காயம் இல்லை.

அப்படி வடகிழக்கு அட்லாண்டிக்கில் நூற்றுக்கணக்கான மீன்களைப் பார்த்து 2020இல் எழுதினார்கள். இம்முறை தாய்வழி மட்டும் இல்லை, இரு பெற்றோர் வழியும். சில மீன்கள் வருடம் தாண்டி அதே கடல் பகுதிக்குத் திரும்பியிருந்தன. மேய வரும் கூட்டங்களுக்குள், தற்செயலாக எதிர்பார்ப்பதைவிடச் சொந்தக்காரர்கள் அதிகம் இருந்தார்கள். 2006இல் ஒரே கூட்டம் என்று தெரிந்ததற்குள்ளே இத்தனை வீடுகள்.

அக்கரைப்பேட்டையான் | ஞாயிறு, காலை 8:00

அந்த வழுவழுப்பு கையில் ஒட்டினால் டீசல் போட்டுக் கழுவினாலும் போகாது. இதை முன்பே சொல்லியிருந்தால் என் கையை யாராவது கழுவாமல் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

தரங்கைவாசி | ஞாயிறு, இரவு 7:45

எழுதிவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள்:

‘மேய்ச்சல் சுறா. உலகின் இரண்டாவது பெரிய மீன். திமிங்கலச் சுறாவுக்கு (அம்மணி உளுவை) உறவு இல்லை. வெள்ளைச் சுறாவுக்கு உறவு. முதலில் பெயரிட்டவர் நார்வேயின் பேராயர் குன்னெருஸ், 1765. அப்போது நம் ஊருக்கும் அவர் ஊருக்கும் ஒரே அரசன். நான்கு இனம் என்றார்கள், ஒன்றே என்று தெரிந்தது. பல கடல்களில் இருந்தாலும் மரபு வேறுபாடு மிகக் குறைவு. மேயும் கூட்டத்தில் சொந்தங்கள் அதிகம்.’

‘வெயில் காயும்’ என்பதை எடுத்துவிட்டேன். பார்த்தவன் தவறாக வைத்த பெயரை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? புகார்க்கிழவன் ஐயா சண்டைக்கு வருவார் என்று தெரியும்.

புகார்க்கிழவன் | ஞாயிறு, இரவு 8:05

வரவில்லை. ‘மேய்ச்சல்’ நல்ல சொல். ஒற்று மட்டும் விட்டுவிடாதீர்கள், பெயின்டர்கள் முதலில் தின்பது அதைத்தான்.

செவுள் | ஞாயிறு, இரவு 8:30

‘உறவு இல்லை’ என்பதை ‘தூரத்து உறவு’ என்று மாற்றுங்கள் ஐயா. இரண்டும் சுறாதானே. மற்றபடி சரி. படத்தில் செவுள் பிளவு எத்தனை வரைந்திருக்கிறது?

தரங்கைவாசி | ஞாயிறு, இரவு 8:40

ஏழு. அழகாக இருக்கட்டும் என்று பெயின்டர் கூட்டிப் போட்டுவிட்டார்.

அக்கரைப்பேட்டையான் | ஞாயிறு, இரவு 8:55

ஐந்து ஐயா, ஐந்து. நாளை படகு போகவில்லை, தடைக்காலம்தான். காலையில் பஸ் ஏறி வருகிறேன். நான் வரும்வரை பெயின்டரைத் தூரிகையைத் தொட விடாதீர்கள்.